கேட் டூர்னிகெட் (ஏழாம் தலைமுறை): பட்டை நல்லது, பயிற்சி இருந்தால்

தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் உயிர் போகச் சில நிமிடம் போதும். அதைத் தடுக்க ஒரு நைலான் பட்டை, ஒரு முறுக்குக் கோல், கோலைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப். கேட் (CAT) டூர்னிகெட், அதாவது கை காலை இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்தும் போர்க்களப் பட்டை, இவ்வளவுதான். அமெரிக்கத் தரைப்படை 2005-இல் இதை வீரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2006-இல் பாக்தாத் இப்ன் சினா மருத்துவமனையில் நடந்த ஆய்வில், ரத்த இழப்பு அதிர்ச்சி (ரத்தம் குறைந்து உறுப்புகளுக்குப் போதாமல் போகும் நிலை) வருவதற்குமுன் டூர்னிகெட் கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சி வந்தபின் கட்டப்பட்டவர்களில் பிழைத்தது 10 சதவீதம்தான். அதனால்தான் இது மருத்துவரின் பெட்டியில் இல்லாமல் சிப்பாயின் மார்புப் பட்டையில் இருக்க வேண்டும்.

எடை சுமார் 76 கிராம், பட்டையின் அகலம் 3.8 செ.மீ., விரித்தால் 95 செ.மீ. நீளம். முந்தைய தலைமுறையில் காலுக்குக் கட்டும்போது பட்டையை பக்கிளில் இரண்டு துளை வழியே கோக்கச் சொன்னார்கள். பதற்றத்தில் பலரும் தடுமாறிய இடம் அது. இப்போது ஒரே துளை. கோலும் தடிமனாகியிருக்கிறது, கிளிப்பின் இரு பக்கமும் வலுப்படுத்தப்பட்டிருக்கிறது. பட்டையின் நுனி சிவப்பாக இருப்பதால் பிடித்து இழுக்க வேண்டிய முனை சட்டென்று கண்ணில் படும்.

கட்டும் முறை: காயம் தெரிந்தால் அதற்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின்மேல் படாமல். குண்டு பாயும் இடத்தில், காயம் எங்கே என்று தெரியாவிட்டால், உடைக்கு மேலேயே கை அல்லது காலில் முடிந்த அளவு உயரத்தில். பட்டைக்கு அடியில் வரும் உடைப்பையில் போனோ சாவியோ இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். பிறகு பட்டையை முழு பலத்தோடு இழுத்து வெல்க்ரோவில் ஒட்டுங்கள். அடியில் மூன்று விரல் நுனி நுழையக் கூடாது. ரத்தம் நிற்கும்வரை கோலை முறுக்கி, கிளிப்பில் மாட்டி, மிச்சப் பட்டையை கோலின்மேல் சுற்றி, நேரப்பட்டியால் மூடி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். கீழே நாடித் துடிப்பு இருந்தால் வேலை முடியவில்லை. முதல் பட்டைக்குப் பக்கத்திலேயே, சற்று மேலே, இரண்டாவதைக் கட்ட வேண்டும்.

தோல்வி பெரும்பாலும் இழுக்கும் கட்டத்திலேயே தொடங்குகிறது. கோலை மூன்று அரைச்சுற்றுக்குமேல் முறுக்க வேண்டியிருந்தால் பட்டையில் தொய்வு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். மேலும் முறுக்கினால் கோலும், அது இறுக்கும் உள்பட்டையும் சேதமாகும். அவிழ்த்து மறுபடி இழுப்பதே சரி. அடுத்த தவறு, காயம்பட்டவர் அலறியதும் பாதியில் நிறுத்துவது. சரியாக இறுகினால் கடுமையாக வலிக்கத்தான் செய்யும். அரைகுறையாக இறுக்கினால் தமனி ரத்தம் உள்ளே போகும், சிரை வழியே திரும்பாது. ரத்தப்போக்கு குறைவதற்குப் பதில் கூடும். ஆளைத் தூக்கி நகர்த்தியபின் பட்டை தளர்ந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இந்தப் பொருளின் உண்மையான சோதனை உக்ரைன் போர்தான். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஹெலிகாப்டர் விரைவில் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு எழுதிய விதிகள், ட்ரோன்கள் தலைக்குமேல் சுற்றும் இடத்தில் தடுமாறுகின்றன. வெளியேற்றத்துக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்குமேல்கூட ஆகிறது. தேவையில்லாத காயத்துக்குக் கட்டிய பட்டை அப்படியே கிடந்து காலையே வெட்ட வேண்டி வந்த நிகழ்வுகள் அங்கிருந்து பதிவாகியுள்ளன. பழி பட்டையின்மேல் இல்லை. கட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் கழற்றக் கற்றுக்கொடுக்கவில்லை.

கழற்றும் முறை: கட்டி 2 மணி நேரத்துக்குள், காயம்பட்டவர் அதிர்ச்சியில் இல்லை, தொடர்ந்து கவனிக்க ஆள் இருக்கிறது, உறுப்பு துண்டாகவில்லை என்றால், காயத்தில் ரத்தம் உறையவைக்கும் துணியை அடைத்து, குறைந்தது 3 நிமிடம் அழுத்தி, அழுத்தக் கட்டு போட்டு, பட்டையை மெல்லத் தளர்த்தலாம். பட்டையை எடுத்துவிடாமல் அதே இடத்தில் தளர்வாக விட்டுவைக்க வேண்டும். ரத்தம் மறுபடி வந்தால் உடனே இறுக்கலாம். 6 மணி நேரம் தாண்டிவிட்டால் களத்தில் கை வைக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. சேறும் மணலும் அப்பினால் வெல்க்ரோவின் பிடி குறைகிறது. ஆப்கானிஸ்தான் களத்தில் உடைமேல் மாட்டியே சுமந்த பட்டைகள், புதியவற்றைவிட அதிகம் உடைந்ததாக ஆய்வு காட்டியது. கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், ஆனால் உறைக்குள். இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் இது உதவாது. அங்கே துணி அடைத்து அழுத்துவதுதான் வழி. உலோகக் கோல் வேண்டும் என்பவர்களுக்கு சாஃப்ட்-டி வைட் என்ற இன்னொரு டூர்னிகெட் நல்ல மாற்று.

போலிகள் ஏராளம். புகைப்படத்தில் வித்தியாசம் தெரியாது. இறுக்கும்போது கோல் வளையும், கிளிப் உடையும், தையல் பிரியும். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரைத் தவிர வேறெங்கும் வாங்காதீர்கள், நன்கொடையாக வந்தாலும் பரிசோதிக்காமல் கொடுக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு வேண்டும், இடது கை வலது கை இரண்டுக்கும் எட்டும் இடத்தில். பயிற்சிக்கு நீல நிறத்தில் தனி மாதிரி இருக்கிறது; அதைத் தேய்ந்துபோகும்வரை பயன்படுத்தலாம், ஆனால் களத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. பயிற்சியில் ஒருமுறை இறுக்கிய அசல் பட்டையும் அதே கணக்குதான்.