8 எம்பி ராமும் விண்டோஸ் 3.1-உம்: ஸ்வாப் ஃபைலோடு குப்பை கொட்டிய அனுபவம்

விண்டோஸ் 3.1 காலத்து ஸ்வாப் ஃபைல் (ராம் பத்தாதபோது அதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) உருப்படியான சமாச்சாரமா, சும்மா ஏமாற்றா என்று இன்றைக்கும் பழைய மிஷின் பிரியர்கள் கேட்கிறார்கள். என் பதில்: அது இடம் தரும், வேகம் தராது. ராம் பத்தாமல் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஃபைலைத் திறக்க வைக்கும். திறந்த பிறகு அது உங்களுக்குத் தெய்வமா சனியனா என்பது நீங்கள் வேலை பார்க்கும் வரிசையைப் பொறுத்தது.

மதுரையில் ஒரு சின்ன டிடிபி சென்டரில் 90களின் பெரும்பகுதியை இதை நம்பித்தான் ஓட்டினேன். அந்த மிஷின் இன்னமும் என்னிடம் ஓடுகிறது. அப்போது தமிழ் எழுத்துருவுக்குப் பொது முறை எதுவும் கிடையாது. ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு குறியீடு. அந்தக் காலத்து பேஜ்மேக்கர் (பக்கம் அமைக்கும் மென்பொருள்) ஃபைலைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் அதே மிஷின், அதே ஃபாண்ட் இருந்தால்தான் பக்கம் அப்படியே வரும்.

அசெம்பிள்டு மிஷின், 386டிஎக்ஸ் சிப், 40 மெகாஹெர்ட்ஸ், 170 எம்பி ஹார்ட் டிஸ்க். ராம் முதலில் 4 எம்பி, பிறகு 8. ‘ஒரு எம்பி மட்டும் சேர்க்கலாமே’ என்று கேட்க முடியாது. 30-பின் சிம் (ராம் அட்டை) ஒவ்வொன்றும் 8 பிட்தான் தரும், 386டிஎக்ஸுக்கு 32 பிட் வேண்டும், ஆகவே நான்கு நான்காகத்தான் வாங்கிப் போட வேண்டும். போதாக்குறைக்கு 1993 ஜூலையில் ஜப்பானில் சுமிட்டோமோ கெமிக்கலின் நீஹாமா ஆலையில் வெடிவிபத்து. சிப்புக்கு மேலுறை போடும் எபாக்ஸி ரெசின் அங்கிருந்துதான் உலகத்துக்கே பெருமளவு போய்க்கொண்டிருந்தது. ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. அப்போது ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் ராம் மாதிரி நடிக்கும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

இந்த வித்தை விண்டோஸோடு வந்ததல்ல. விண்டோஸுக்கு முந்தைய டாஸின் 640 கேபி மெமரிக்குள் அடங்காத புரோகிராம்கள் தங்களைத் தாங்களே துண்டு போட்டுக்கொண்டு, வேண்டிய துண்டை மட்டும் டிஸ்க்கிலிருந்து ஏற்றும். அதற்கு ஓவர்லே என்று பெயர். 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இஎம்எஸ் என்ற கூடுதல் மெமரி முறையைக் கொண்டுவந்தன. 64 கேபி ஜன்னல் ஒன்று, அதில் 16 கேபி பக்கங்கள் நான்கு; கூடுதல் மெமரி கார்டில் உள்ளதை அந்த ஜன்னல் வழியாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். கார்டு வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஹார்ட் டிஸ்க்கையே இஎம்எஸ் கார்டு போல நடிக்க வைக்கும் மென்பொருளும் வந்தது. எங்கள் சென்டரின் பில்லிங் புரோகிராம் கிளிப்பர் 5 என்ற டேட்டாபேஸ் மொழியில் எழுதியது. அதுவும் தனக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெமரி (டிஸ்க்கை ராம் போல நடிக்க வைக்கும் ஏற்பாடு) வைத்திருந்தது, இடம் போதாவிட்டால் டிஸ்க்கில் தனி ஸ்வாப் ஃபைல் போட்டுக்கொள்ளும்.

இவற்றிலெல்லாம் பாரம் புரோகிராம் எழுதுபவன் தலையில். 386 அதை மாற்றியது. மெமரியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, எந்தப் பக்கம் ராமில் இருக்கிறது, எது இல்லை என்று சிப்பே கவனித்துக்கொள்ளும். இல்லாத பக்கத்தைப் புரோகிராம் தொட்டால் சிப் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தி விண்டோஸைக் கூப்பிடும். விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்து வைத்ததும், விட்ட இடத்திலிருந்து ஓடும். புரோகிராமுக்கு நடந்தது எதுவும் தெரியாது. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இன் 386 என்ஹான்ஸ்டு மோடுதான் இதைச் சாதாரண ஆபீஸ் மிஷினுக்குக் கொண்டுவந்தது.

ஈய எழுத்துக் கோர்த்து அச்சடிக்கும் லெட்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. சின்ன பிரஸ்ஸில் முழுப் புத்தகத்துக்கும் எழுத்து இருக்காது. ஒரு ஃபாரம் (ஒரே தடவையில் அச்சாகும் பக்கங்கள்) கோர்த்து, அச்சடித்து, எழுத்தைப் பிரித்து கேஸில் போட்டுவிட்டு அடுத்த ஃபாரத்தைக் கோர்ப்பார்கள். அச்சடித்து முடித்த ஃபாரத்தில் திருத்தம் வந்தால் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவர்களுக்கு ஸ்வாப்பின் குணம் பாதி புரிந்த மாதிரி.

செட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். கன்ட்ரோல் பேனலில் 386 என்ஹான்ஸ்டு, அதில் விர்ச்சுவல் மெமரி, அதில் சேஞ்ச். தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு வகை. தற்காலிகம் என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்386.எஸ்டபிள்யூபி என்று ஒரு ஃபைல், தேவைக்கேற்ப வளரும், சுருங்கும், விண்டோஸை மூடினால் போய்விடும். நிரந்தரம் என்றால் டிரைவின் ரூட்டில் 386ஸ்பார்ட்.பார் என்று மறைந்திருக்கும் ஃபைல். டிஸ்க்கில் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே தொடர்ச்சியாக இடம் வேண்டும். டாஸைக் கேட்காமல் நேராக டிஸ்க்கில் எழுதப்போகிறது, அதனால்தான் இந்தக் கண்டிஷன். அதே காரணத்தால் டபுள்ஸ்பேஸ் மாதிரி மென்பொருள் சுருக்கிய டிரைவில் இதை வைக்கக் கூடாது. சுருக்காத ஹோஸ்ட் டிரைவில்தான் வைக்க வேண்டும்.

சந்தேகமே வேண்டாம், நிரந்தரம்தான் நல்லது. டாஸ் 6-ஓடு வந்த டீஃப்ராக் ஓட்டி இடத்தை ஒழுங்குபடுத்திவிட்டு 16 எம்பி ஒதுக்கினேன். 170 எம்பி டிஸ்க்கில் 16 எம்பி என்பது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை, ஆனால் கொடுத்ததற்கு வருத்தப்பட்டதில்லை. நம் ஊர் கரண்டுக்கும் அதுதான் சரி. தற்காலிக ஃபைல் வளர்ந்துகொண்டிருக்கும்போது கரண்டு போனால் டிஸ்க்கில் யாருக்கும் சொந்தமில்லாத கிளஸ்டர்கள் (இடத் துண்டுகள்) தேங்கிவிடும். பிறகு செக்டிஸ்க் ஓட்டி, அது உருவாக்கும் ஃபைல்0000.சிஹெச்கே வகையறாக்களை அழித்து இடத்தை மீட்க வேண்டும். நிரந்தர ஃபைல் வளர்வதும் இல்லை, தேய்வதும் இல்லை. எத்தனை முறை கரண்டு போனாலும் இருந்த இடத்தில் இருக்கும். சேவ் செய்யாத பக்கம் போனது போனதுதான், அது வேறு கதை.

அந்த ஜன்னலிலேயே 32-பிட் டிஸ்க் அக்சஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். தானாக டிக் ஆகியிருக்காது. உங்கள் டிஸ்க் கன்ட்ரோலர் ஒத்துக்கொண்டால் போடுங்கள். பலர் இதை வேகத்துக்கு என்று மட்டும் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம், இது இருந்தால்தான் டாஸ் ஜன்னலில் ஓடும் புரோகிராமின் மெமரியையும் டிஸ்க்குக்கு அனுப்ப முடியும். இல்லாவிட்டால் பில்லிங் புரோகிராமைச் சும்மா திறந்து வைத்திருந்தாலே அது ராமைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போட்ட பிறகு நடப்பது ஒரு வேடிக்கை. கிளிப்பர் ‘எனக்கு இஎம்எஸ் கிடைத்தது’ என்று சந்தோஷமாகப் பயன்படுத்தும். அந்த இஎம்எஸ்ஸை விண்டோஸ் சத்தமில்லாமல் டிஸ்க்குக்கு அனுப்பியிருக்கும்.

அளவை இஷ்டத்துக்கு ஏற்றிப் பயனில்லை. விண்டோஸ் 3.1 சாதாரணமாகக் கையிலிருக்கும் ராமைப் போல் நான்கு மடங்குக்கு மேல் கணக்கில் எடுக்காது. சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற செட்டிங் ஃபைலில் பேஜ்ஓவர்கமிட் என்ற வரியைச் சேர்த்து அதை மாற்றலாம் என்பது உண்மை. மாற்றி ஒரு லாபமும் கண்டதில்லை. என் அனுபவத்தில் ராமைப் போல் இரண்டு மடங்கு ஸ்வாப் போதும். அதற்கு மேல் தேவைப்படும் வேலையை அந்த மிஷினில் செய்யவே கூடாது.

பேஜ்மேக்கர் இந்த ஏற்பாட்டுக்குப் பொருத்தமான மென்பொருள். 200 பக்கப் புத்தகமானாலும் ஒரு நேரத்தில் நாம் பார்ப்பது இரண்டு பக்கம். மற்றதெல்லாம் டிஸ்க்கில் கிடந்தால் யாருக்கு நஷ்டம்? 4 எம்பியில் இருந்தபோதுகூட ஃபைல் திறக்க நேரமாகுமே தவிர, டைப் அடிப்பதில் சுணக்கம் தெரியாது. இடி விழுவது ஜன்னல் மாற்றும்போதுதான். பக்கத்திலிருந்து படம் திருத்தும் புரோகிராமுக்கு ஆல்ட்-டேப் அடித்தால் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், டிஸ்க் கரகரவென்று மெல்லும், மவுஸ் விக்கி விக்கி நகரும். கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்க வந்து பின்னால் நிற்பவர், “என்னண்ணே, மிஷின் நின்டுருச்சா?” என்பார். “லைட்டு எரியுதுல்ல, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, ஒரு டீ சாப்ட்டு வாங்க” என்று அனுப்புவோம்.

நாளடைவில் வேலையையே ஸ்வாப்புக்கு ஏற்றபடி அடுக்கக் கற்றுக்கொண்டோம். காலையில் ஸ்கேன், படத் திருத்தம் எல்லாம் ஒரே மூச்சில். அதை மூடிவிட்டு மத்தியானம் முழுக்க பேஜ்மேக்கர். பில் எல்லாம் சாயங்காலம். இப்படிப் பிரித்துக்கொண்டால் 8 எம்பி மிஷின் 16 எம்பி மிஷினுக்குச் சளைத்ததில்லை.

ஸ்வாப் மண்ணைக் கவ்விய இடம் படத்தைத் திருப்புவது. 90 டிகிரி சுழற்றுவதைச் சொல்கிறேன். ஏ4 அளவு கருப்பு வெள்ளைப் படம், 300 டிபிஐ: குறுக்கே 2480 புள்ளி, நெடுக்கே 3508. புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 8 எம்பிக்கு மேல். மெமரியில் இது வரிவரியாக அடுக்கியிருக்கும், ஒரு வரி 2480 பைட். ஒரு மெமரி பக்கம் 4 கேபி என்பதால் ஒன்றரை வரிக்குச் சற்று மேலே போனதும் அடுத்த பக்கம் வந்துவிடும். திருப்பும்போது படிப்பது குறுக்கு வரியை அல்ல, நெடுக்கே ஒரு பத்தியை. மேலிருந்து கீழே ஒரே ஒரு பத்தியைப் படிக்கவே 2100-க்கு மேற்பட்ட பக்கங்களைத் தொட வேண்டும், அதாவது படம் மொத்தத்தையும். அடுத்த பத்திக்குத் திரும்பவும் மொத்தம். இப்படி 2480 பத்தி. நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடும் அந்தக் கால டிஸ்க்கில் அரைச் சுற்றுக்குக் காத்திருப்பதே 8 மில்லிசெகண்ட். தலை நகர்வதையும் சேர்த்தால் ஒரு பக்கம் கொண்டுவர 20-ஐத் தாண்டும். மோசமான நிலையில் ஒரு பத்திக்கு முக்கால் நிமிடம், முழுப் படத்துக்கு ஒரு நாளுக்கு மேல்! அவ்வளவு கொடுமை நேரில் வராது, டிஸ்க்கில் அடுத்தடுத்து இருப்பவை கொஞ்சம் வேகமாக வரும். ஆனாலும் எங்களிடம் இருந்த படப் புரோகிராமில் ராத்திரி கடை சாத்தும்போது சுழற்றலை ஆரம்பித்துவிட்டுப் போனதுண்டு.

ஃபோட்டோஷாப் இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. விண்டோஸின் ஸ்வாப்பை நம்பாமல் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று தனக்கென ஒன்று வைத்துக்கொண்டு, படத்தைச் சதுரச் சதுரமான துண்டுகளாக வைத்துக் கையாண்டது. நெடுக்கே போனாலும் குறுக்கே போனாலும் தொடுவது சில துண்டுகளைத்தான். விர்ச்சுவல் மெமரி பொதுவான மருந்து. தன் வேலை இன்னது என்று தெரிந்த புரோகிராம் தானே வகுத்துக்கொள்ளும் பத்தியத்துக்கு அது ஈடாகாது.

எத்தனை எம்பி ஸ்வாப் போட்டாலும் தீராத இன்னொரு பஞ்சம் உண்டு. புரோகிராம் மேனேஜரில் அபவுட் போய்ப் பார்த்தால் மெமரி 20 ஆயிரம் கேபிக்கு மேல் ஃப்ரீ என்று தாராளமாகக் காட்டும். கீழே சிஸ்டம் ரிசோர்சஸ் என்ற வரியில் 25 சதவீதம்தான் ஃப்ரீ. அடுத்து எதைத் திறந்தாலும் ‘மெமரி போதவில்லை’. இந்த முரண்பாட்டில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். ஜன்னல், மெனு, ஃபாண்ட், பிரஷ் போன்றவற்றின் கணக்கை விண்டோஸ் ஹீப் எனப்படும் 64 கேபி மெமரித் துண்டுகளில் வைத்திருந்தது. அது 16-பிட் காலத்து வரம்பு. டிஸ்க்கில் எவ்வளவு இடம் கொடுத்தாலும் அந்த 64 கேபி பெரிதாகாது. கடையில் ராம் வாங்கிப் போட்டாலும் அதே நிலைமைதான். ஃபாண்ட்டைக் குறைப்பதும் விண்டோஸை மூடித் திறப்பதும்தான் வழி.

இந்தக் குழப்பத்தைக் காசாக்கியவர்களும் இருந்தார்கள். 1995-இல் சின்க்ரோனிஸ் என்ற அமெரிக்க கம்பெனி சாஃப்ட்ராம்95 என்று ஒன்றை விற்றது. ராமை இரட்டிப்பாக்கும் என்று விளம்பரம், லட்சக்கணக்கில் விற்பனை. பிரித்துப் பார்த்தவர்கள் அதில் சுருக்கும் வேலையே நடக்கவில்லை என்று காட்டினார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. மேக்கில் 1994-இல் வந்த ராம் டபுளர் நிஜமாகவே சுருக்கியது. எனவே யோசனையில் கோளாறு இல்லை.

விண்டோஸ் 95 வந்ததும் தற்காலிகம், நிரந்தரம் என்ற சண்டையே போயிற்று, ஸ்வாப் தானே வளர்ந்து தானே சுருங்கியது. ராமும் மலிந்தது. நான் பழைய 386-ஐ மட்டும் 3.1-லேயே விட்டுவைத்தேன்.

சில வருடங்களுக்கு முன் அதன் ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததும் கழற்றிவிட்டு, ஐடிஇ அடாப்டரில் ஒரு சிஎஃப் கார்டை (கேமராக்களில் போடும் ஃப்ளாஷ் மெமரி கார்டு) ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் செருகினேன். அதே 8 எம்பி, அதே 16 எம்பி நிரந்தர ஸ்வாப். ஆல்ட்-டேப் அடித்தால் ஜன்னல் சட்டென்று வருகிறது. தலை நகர வேண்டியதில்லை, தட்டு சுற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. ஃப்ளாஷ் கார்டில் ஓயாமல் எழுதினால் தேயும் என்பார்கள், உண்மைதான். மாதம் இரண்டு தடவை பழைய பத்திரிகை திறக்கும் மிஷினுக்கு அது கவலையில்லை. பழைய மிஷின் வைத்திருப்பவர்கள் ராம் தேடி அலைவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். சிஸ்டம் ரிசோர்சஸ் மட்டும் எத்தனை வேகமான கார்டு போட்டாலும் 25-க்கு இறங்கும். அப்போது மூடித் திறந்துகொள்ளுங்கள்.