சிங்கமா, பெயரா? சிலோன் தேயிலையும் சிலோன் கறுவாவும்

சிலோன் என்று ஒரு நாடு இப்போது இல்லை. 1972லேயே அது ஸ்ரீலங்கா ஆகிவிட்டது. ஆனால் தேயிலையையும் கறுவாவையும் விற்க வேண்டுமென்றால் இன்றும் பழைய பெயரைத்தான் போட வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்ற இந்த இரண்டு பயிர்களும் வேறு வேறு வழியில் போயின. தேயிலை ஒரு சிங்கச் சின்னத்தை, அதாவது வணிகக்குறியை (டிரேட்மார்க்) நம்பியது. கறுவா (தமிழ்நாட்டில் பட்டை) புவிசார் குறியீட்டைப் பிடித்தது, அதாவது ஓர் இடத்தின் பெயரை அந்த இடத்துச் சரக்குக்கே உரியதாக்கும் பதிவை.

இரண்டுக்கும் உள்ளூரில் ஒரே சட்டம்தான்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் (அறிவுசார் சொத்து) சட்டம். அது கொஞ்சம் தாராளமான சட்டமும்கூட. இத்தகைய சொத்துகளுக்கான உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் வைனுக்கும் மதுவகைகளுக்கும் மட்டும் கூடுதல் காவல் தருகிறது. பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் செய்யாத வைனில் ‘ஷாம்பெய்ன் மாதிரி’ என்று எழுதுவதுகூடத் தப்பு. தேயிலை போன்ற மற்றச் சரக்குகளுக்கு, வாங்குபவர் ஏமாறுகிறார் என்று காட்ட வேண்டும். இலங்கைச் சட்டமோ விவசாயப் பொருளையும் வைனோடு ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது. சரி, அதனால் என்ன பயன்? கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டினால் அந்தச் சட்டம் செல்லாது. பெயரைத் திருடுகிறவர்களோ பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

முதலில் சிங்கம். வலது காலில் வாளேந்தி நிற்கும் அந்தச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபையின் சொத்து. பெட்டியில் அது இருக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், சபையின் தரத்தைத் தாண்ட வேண்டும், பொதி கட்டுவதும் தீவுக்குள்ளேயே நடக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையில்தான் சூட்சுமம். நுவரெலியாவில் கிள்ளிய அசல் கொழுந்தே ஆனாலும், மூட்டையாகக் கப்பலேறி வேறொரு நாட்டில் பெட்டிக்குள் போனால் சிங்கம் கிடையாது. தரத்துக்கு அடையாளம் என்று சொன்னாலும், பொதி கட்டும் வேலையையும் அதன் லாபத்தையும் ஊரிலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடாகவும் அது இருக்கிறது. எனக்கு அதில் குறையில்லை.

வணிகக்குறியில் உள்ள வசதி, அநேகமாக எந்த நாட்டிலும் அதற்கு ஒரு பதிவேடு இருக்கும். வில்லங்கம், நாடு நாடாகப் போக வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கும் மெட்ரிட் முறைக்கு வெளியே நின்றுகொண்டேதான் இலங்கை சிங்கத்தைப் பல நாடுகளில் பதிந்தது. அங்கங்கே வக்கீல் செலவு, புதுப்பிக்கும் கட்டணம், அப்புறம் கண்காணிப்பு. இவ்வளவு செய்தும், ஒருவர் சிங்கத்தைத் தொடாமல், பாதிக் கலப்புத் தூளை அடைத்து ‘சிலோன்’ என்று மட்டும் அச்சடித்தால் சிங்கத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அது காப்பது படத்தை.

கறுவாவுக்கு இந்த வழி சரிப்பட்டிருக்காது, ஏனென்றால் அங்கே திருட்டே பெயரில்தான். சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியா என்ற உறவுக்கார மரத்தின் பட்டையும் பல சந்தைகளில் அதே ‘சின்னமன்’தான் (கறுவாவின் ஆங்கிலப் பெயர்). கையில் எடுத்தால் ஏமாற வழியில்லை. காசியா ஒரே தடித்த பட்டை, மரக்கட்டை மாதிரி சுருண்டிருக்கும். இலங்கைக் கறுவாவின் நுனியைப் பார்த்தால் தாள் போன்ற தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, சுருட்டு போல அடுக்கியிருக்கும். விரலால் நசுக்கினால் நொறுங்கும். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காத குச்சிக்கு ‘அல்பா’ என்று பெயர், விலையும் அதற்குத்தான் உச்சம். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, கிழியாமல் உரிக்கும் கைப்பழக்கம் அதற்குள் இருக்கிறது. ஆனால் பொடியாக்கிக் குப்பியில் அடைத்துவிட்டால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

2022 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சின்னமன்’ என்ற பெயரையே பதிந்தது. இலங்கைக்கு அங்கே கிடைத்த முதல் புவிசார் குறியீடு. இனி அங்கே அந்தப் பெயரைப் போட, எழுதிக் கொடுத்த விவரக்குறிப்பின்படி செய்து, தணிக்கையிலும் தேற வேண்டும். எனக்கு நெருடுவது இதுதான். தென்கரை ஊர்களான காலியிலோ மாத்தறையிலோ அரை ஏக்கர் வைத்திருப்பவர் உரிப்பது அசல் கறுவாவே ஆனாலும், சான்றிதழ்ச் சங்கிலிக்குள் வராவிட்டால் அவர் சரக்கு அந்தப் பெயரில் போகாது. இன்னொன்று, கறுவாவை அதிகம் வாங்குவது மெக்சிகோ. ஐரோப்பிய ஒன்றியம் பிரஸ்ஸல்ஸில் போட்ட முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை.

வணிகக்குறி, புவிசார் குறியீடு இரண்டையும் வைத்துக்கொண்டால் போதாதா என்றால், இந்தியத் தேயிலை வாரியம் டார்ஜிலிங்குக்கு அதைத்தான் செய்தது. பிரெஞ்சு உள்ளாடை நிறுவனம் ஒன்று அதே பெயரை எடுத்தபோது, வாரியம் கூட்டு வணிகக்குறியை வைத்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2017இல் மேல்முறையீடு தள்ளுபடி. தேயிலையும் உள்ளாடையும் ஒன்றல்ல என்பது எதிர்பார்த்த பதில்தான்.

அப்படியானால் தேயிலையும் கறுவாவின் வழிக்கு வர வேண்டுமா? ‘சிலோன் தேயிலை’ என்ற முழுப் பெயருக்கு நான் அவசரப்பட மாட்டேன். தென்னிலங்கை ருஹுணுவின் கறுத்த, கடுப்பான சாயமும் நுவரெலியாவின் பொன்னிற வெளிர் சாயமும் ஒரே விவரக்குறிப்புக்குள் அடங்க வேண்டுமென்றால், அந்தக் குறிப்பு எதையும் சொல்லாத குறிப்பாகத்தான் இருக்கும். அதற்குச் சிங்கமே போதும். ஆனால் ஊவா மாகாணத்துத் தேயிலை வேறு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் அந்தக் கொழுந்துக்கு ஏறும் வாசனை வேறெங்கும் வராது. உள்ளூரில் காவல் இல்லாத பெயரை வெளிநாடு காக்கத் தேவையில்லை என்கிறது டிரிப்ஸ். அதனால் முதல் படி ஊரில்தான். புலமைச் சொத்துச் சட்டத்தின் 2022 திருத்தம் புவிசார் குறியீடுகளுக்கு உள்ளூர்ப் பதிவேடு ஒன்றுக்கு வழி திறந்துவிட்டது. முதலில் பதிய வேண்டிய தேயிலைப் பெயர் ஊவா என்பேன், தணிக்கைச் செலவைச் சிறுதோட்டக்காரர் தலையில் கட்டாமல்.