கார் கதவு வயரிங்: கணபதியில் ஒரு நல்ல எலக்ட்ரீஷியன்

கோயம்புத்தூரில் கார் வயரிங் வேலைக்கு நம்பி விட ஆள் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சின்னக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ‘ஏசி, வயரிங், சென்டர் லாக்’ என்று சுவரில் பெயின்ட்டால் எழுதியிருக்கும். ஒரு அண்ணாவும் கூடமாட உதவும் ஒரு பையனும்தான். என் காரின் டிரைவர் பக்கக் கதவு வயரிங்கை அவர்தான் சரிசெய்து கொடுத்தார். வேலை அவ்வளவு சுத்தம்.

போன வருடம் பழைய கார் விற்கும் ஒரு கம்பெனியில் வாரண்டியோடு வாங்கிய வண்டி இது. ஐப்பசி மழைக்கு அப்புறம் பவர் விண்டோ தகராறு செய்ய ஆரம்பித்தது. கதவைத் திறந்து வைத்தால் கண்ணாடி இறங்கும், சாத்தினால் இறங்காது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சென்டர் லாக் தானாக அடிக்கும். நாலு கண்ணாடிக்கும் மெயின் சுவிட்ச் டிரைவர் கதவில்தான் இருக்கிறது என்பதால், பின்னால் இருக்கும் கண்ணாடிகளையும் என்னால் இறக்க முடியவில்லை. பின்சீட்டில் என் மாமனார் வருவார். அவருக்கு வீசிங் உண்டு, ஏசி ஒத்துக்கொள்ளாது. அதனால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வழியில்லை.

வாரண்டியில் கேட்டேன். விற்கும்போது ‘இன்ஜின், கியர்பாக்ஸ், எலக்ட்ரிகல் எல்லாம் கவர் ஆகும் மேடம்’ என்றவர்கள், இப்போது தாளை எடுத்துக் காட்டினார்கள். எலக்ட்ரிகல் என்ற தலைப்பின் கீழ் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்தான் இருந்தன. வயரிங், சுவிட்ச், ரப்பர் எல்லாம் தேய்மானமாம், அதனால் கிடையாதாம். கதவு என்று இருந்தால் திறந்து மூடத்தான் செய்வோம். அதில் அறுகிற வயரைத் தேய்மானம் என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், அது தனியாக நடக்கட்டும்.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டியபோது, கதவின் ஹார்னஸை, அதாவது வயர்க்கட்டை, மொத்தமாக மாற்ற வேண்டும், கூலியோடு 16,500 ரூபாய் ஆகும், பொருள் வரக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

கணபதி கடை அண்ணா செய்த முதல் வேலை இதுதான். “ஏங்க மேடம், நீங்க சுவிட்சை அமுக்கிப் பிடிச்சுக்குங்க, நான் கதவை ஆட்டறனுங்க” என்றார். கதவுக்கும் அது மாட்டியிருக்கும் பில்லருக்கும் (வண்டியின் தூண்) நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும், வயர்கள் அதற்குள்தான் போகும். அதை அவர் விரலால் அழுத்தியதும் கண்ணாடி இறங்கியது. விட்டதும் நின்றது. கோளாறு எங்கே என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் வேலையில் இறங்கினார். ஏர்பேக் வயர் போகும் மஞ்சள் கனெக்டர் பக்கம் கையே வைக்கவில்லை. ரப்பரை உருவிக் காட்டினார். வெளியே பார்த்தால் எல்லா வயரும் நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல இழுத்தார். நல்ல வயர் இழுத்தால் நீளாது. அறுந்த வயரோ மேல்தோல் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது, உள்ளே செம்பு இல்லை. எர்த் வயர் முழுதாக அறுந்திருந்தது, லாக்குக்குப் போகும் வயர் சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. எர்த் விட்டு விட்டுக் கிடைத்ததால்தான் லாக் தானாக அடித்தது என்றார்.

நான் இவரைச் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணம் இதற்குப் பிறகு செய்த வேலை. அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்கிறவர்கள்தான் அதிகம். அங்கேயே சால்டர் வைத்தாலும் நிற்காது. ஈயம் இழைகளுக்குள் ஊறி வயர் விறைத்துவிடும், கதவு மடங்க மடங்க அதற்குப் பக்கத்திலேயே மறுபடி அறும். இவர் மடங்குகிற பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில், அதே நிறத்தில், மெல்லிய இழைகள் கொண்ட புது வயரைப் போட்டார். ஒரு ஜாயின்ட் கதவுக்குள்ளே, இன்னொன்று பில்லருக்குள்ளே. ரப்பருக்குள் ஜாயின்டே இல்லை. ஜாயின்ட்கள் ஒரே இடத்தில் சேர்ந்து முட்டிக்கொள்ளாமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டிச் சுருக்கினார். மேலே துணி டேப். சாதாரணக் கறுப்பு டேப் நம் ஊர் வெயிலில் பசை இளகி வழிந்துவிடும்.

டோர் பேடுக்குப் பின்னால் தண்ணீர் தடுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். பல இடங்களில் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள், மழை பெய்தால் காலடி மேட் நனைந்துவிடும். இவர் அதைப் பொறுமையாக உரித்து, திரும்ப ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினார். உடைந்திருந்த கிளிப்புகளை மாற்றினார். எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய், கையெழுத்துப் பில்லோடு.

குறை இல்லாமல் இல்லை. போனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். வண்டியைப் பார்க்காமல் விலையும் சொல்ல மாட்டார், அது சரிதான். ஆனால் உட்கார இடம் இல்லை, வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் நாள் வண்டியை எடுத்தபோது ஸ்பீக்கர் பக்கம் லேசாக அதிர்ந்தது. மறுநாள் காட்டினேன், பேடைத் திரும்ப உட்கார வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு நல்ல மழை பெய்துவிட்டது, கண்ணாடியும் லாக்கும் ஒழுங்காக இருக்கின்றன.

இந்த வேலைக்குப் பேட்டரியைக் கழற்றுவார்கள் என்பதால், உங்கள் வண்டி ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் (code) இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். ஆட்டோ விண்டோ இருக்கும் சில வண்டிகளில் அதன் பிறகு ஒரு தடவை கண்ணாடியை முழுதாக ஏற்றி, சுவிட்சைச் சில வினாடிகள் பிடித்தே இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே அமுக்கில் ஏறும்.