பழைய லென்ஸ், புதிய கேமரா, நடுவில் ஒரு வளையம்

சோனி முழுச்சட்டக மிரர்லெஸ் கேமராவில் பழைய நிக்கான் எஃப், கேனான் எஃப்டி வகை லென்ஸ்களை மாட்டிப் பல வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். லென்ஸ் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். லென்ஸ்களுக்கு ஒரு குறையும் இல்லை. என்னைப் படுத்தியதெல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கும் அடாப்டர்தான்.

நிக்கான் எஃப் லென்ஸுக்கு மவுண்டிலிருந்து, அதாவது லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து, ஃபிலிம் வரை 46.5 மி.மீ. தூரம் வேண்டும், எஃப்டி லென்ஸுக்கு 42. சோனியிலோ மவுண்டிலிருந்து சென்சார் 18 மி.மீ. தூரத்திலேயே வந்துவிடுகிறது. மிச்சத்தை நிரப்பும் வெற்று உலோகக் குழாய்தான் அடாப்டர். கண்ணாடி கிடையாது, மின்தொடர்பு கிடையாது. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும். தடிமன் இருக்கிறது!

மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் ஒரு மயிரிழை மெல்லியதாகவே வருகின்றன. முடிவிலிக்கு (வெகுதூரக் காட்சிக்கு) ஃபோக்கஸ் எட்டவில்லை என்று புகார் வந்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. 0.1 மி.மீ. குறைந்தால் என்ன ஆகும்? 50 மி.மீ. லென்ஸில் ஃபோக்கஸ் வளையம் 25 மீட்டர் குறியில் நிற்கும்போதே முடிவிலி தெளிவாகிவிடும். அதே பிழை 28 மி.மீ. லென்ஸில் 8 மீட்டருக்கு வந்துவிடுகிறது. தூரக் குறிகளை நம்பித் தெருவில் படம் எடுப்பவருக்கு அந்த எண்கள் அதன்பிறகு வெறும் அலங்காரம்தான். தடிமன் அதே அளவு கூடினால் இன்னும் மோசம்: 50 மி.மீ. லென்ஸில் 25 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. மெல்லிய அடாப்டரைக் கழற்றி, உள்ளே உலோகத் தகடு வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். தடித்ததை வீட்டில் இழைக்க முடியாது.

அடுத்தது ஆட்டம். ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸும் சேர்ந்து துளி நகரும். உட்சுவர் பளபளத்தால் எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும். இந்தப் பழியெல்லாம் பாவம், பழைய லென்ஸின் பூச்சு மேல் விழுகிறது. உள்ளே ஒளியை விழுங்கும் கறுப்புத் தாள் ஒட்டியபிறகு என் 105 மி.மீ. எஃப்/2.5 நிக்கோர் (நிக்கானின் லென்ஸ்) தரும் கறுப்பு மீண்டும் கறுப்பானது.

ஃபோக்கஸ் பழகிவிடும். விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங், லென்ஸ் துளை சுருங்கிய எஃப்/5.6-இல் உதவும். துளை அகன்ற எஃப்/1.4-இல் கண்ணிமையையும் புருவத்தையும் ஒன்றாகச் சிவக்கவைத்துவிட்டு நழுவிவிடும். அங்கே வியூஃபைண்டர் காட்சியைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் ஒரே வழி. கேனான் ஒரு பக்கம் சுழல்கிறது, நிக்கான் எதிர்ப்பக்கம். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் கை ஒரு கணம் தடுமாறுகிறது.

மின்தொடர்பு இல்லாததால் லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும்; லென்ஸ் இல்லாமலே ஷட்டர் இயங்க மெனுவில் அனுமதித்தாக வேண்டும். நடுக்கம் தணிக்கும் வசதி வேண்டுமானால் குவியத்தூரத்தையும் (லென்ஸின் மி.மீ. எண்ணை) நாமே பதியவேண்டும். 105-ஐ மாட்டிவிட்டு மெனுவில் 28 என்றே விட்டால் கேமரா பாதி வேலைகூடச் செய்யாது. படத்தின் தகவலில் அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) பதிவாகாது. எனக்கு அது பெரிய இழப்பில்லை.

ஓடும் குழந்தை, பறவை, மேடை நடனம் என்றால் தானியங்கி லென்ஸையே எடுத்துக்கொண்டு போகிறேன். நிதானமாக நிற்பவற்றுக்குப் பழைய லென்ஸ்தான். ஒரே அடாப்டரை லென்ஸுக்கு லென்ஸ் மாற்றுவதையும் விட்டுவிட்டேன். அடிக்கடி மாட்டும் லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தகடு வைத்துச் சரிபார்த்த அடாப்டர் ஒன்று நிரந்தரமாக ஒட்டிக்கொண்டே இருக்கிறது.