ஒரே பெட்டியில் மூன்று வைஃபை: சோனிக்வால் விஏபி பயன்படுத்திய அனுபவம்

கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இருப்பது வைஃபையும் சேர்ந்தே வரும் சோனிக்வால் டிஇசட் ஃபயர்வால். ஊழியர், விருந்தினர், கேமரா என்று மூன்று விர்ச்சுவல் ஆக்சஸ் பாயின்ட்டுகள் (விஏபி, அதாவது ஒரே பெட்டி தனித்தனி வைஃபைகளாகத் தெரிவது) அதில்தான் வருடக்கணக்கில் ஓடின.

அமைப்பதில் வரிசைதான் முக்கியம். முதலில் வயர்லெஸ் வகையில் ஒரு ஜோன் (ஒரே பாதுகாப்பு விதிகள் பொருந்தும் நெட்வொர்க் பகுதி). அப்புறம் பெட்டியின் வைஃபை பகுதியான டபிள்யூ0 இன்டர்ஃபேஸின் கீழ் விலான் (ஒரே கருவிக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) சப்-இன்டர்ஃபேஸ், அதற்கு ஐபி, டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபியைத் தானாக வழங்கும் வசதி). அதற்குப் பிறகே விஏபி புரொஃபைல், எஸ்எஸ்ஐடி (போனில் தெரியும் வைஃபை பெயர்), குரூப். அந்தக் குரூப்பை வயர்லெஸ் செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கும்வரை புதிய பெயர் எதுவும் போனில் தெரியாது. பெயர் தெரிந்து, பாஸ்வேர்டும் ஏற்று, லேப்டாப்புக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி வந்தால் டிஹெச்சிபியைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

பிரிக்கும் வேலையில் குறையே இல்லை. விருந்தினர் வைஃபையிலிருந்து டேலி சர்வருக்கு பிங் அடித்தால் பதிலே வராது. வாடிக்கையாளர் கொண்டுவரும் லேப்டாப்பில் என்ன வைரஸ் இருக்குமோ என்ற கவலை போயிற்று.

ஆனால் பிரிந்த பிறகு பிரிண்டரும் காணாமல் போகும். போன் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்க உதவும் எம்டிஎன்எஸ் தேடல், 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (பல கருவிகள் ஒருசேரக் கேட்கும்) முகவரிக்குப் போவது. அது தன் சப்நெட்டை, அதாவது தான் இருக்கும் நெட்வொர்க் பகுதியை, தாண்டாது. பிரிண்டருக்கு நிலையான ஐபி கொடுத்து, ஊழியர் விலானிலிருந்து அந்த ஒரு முகவரிக்கு மட்டும் ரூல் போட்டேன். போன்களில் ஐபியைக் கையால்தான் சேர்க்க வேண்டியிருந்தது. "முன்னாடி தானா வந்துச்சே சார்" என்ற புலம்பல் கொஞ்ச நாள் ஓடியது.

பலர் கவனிக்காதது ஏர்டைம், அதாவது சேனலில் சிக்னல் பிடித்துக்கொள்ளும் நேரம். விலான் நெட்வொர்க்கைப் பிரிக்கும், காற்றைப் பிரிக்காது. ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பீக்கன் (நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லும் அறிவிப்பு) அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போனால், 250 பைட் பீக்கனுக்கு சுமார் 2 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது ஒரு பெயருக்கு ஏர்டைமில் சுமார் 2 சதவீதம், யாரும் எதையும் டவுன்லோட் செய்யாமலே. பக்கத்து அலுவலகங்களும் அதே சேனலில் கத்திக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். குறைந்த வேகங்களை நிறுத்தினால் இந்தச் செலவு குறையும், ஆனால் பழைய கருவிகள் சில இணையாமல் போகலாம்.

கேமராக்களை கேபிளுக்கு மாற்றி அந்த எஸ்எஸ்ஐடியை எடுத்துவிட்டேன். இப்போது இரண்டுதான். ஆடிட்டர் சார் தன் போனுக்கென்று தனியாக ஒன்று கேட்டார். ஊழியர் வைஃபையே போதும் சார் என்று சொல்லிவிட்டேன்.