வளைந்த மரச்சட்டத்துக்கு ஒரு நெம்புகோல்: வாங்கலாமா?

மரச்சட்டங்களால் வீடு கட்டுபவர்களுக்கென விற்கப்படும் கேம் (மையம் விலகிச் சுழலும் வட்டு) பூட்டு நெம்புகோலைத் தளச்சட்டங்களிலும் சுவர்ச்சட்டங்களிலும் பயன்படுத்திப் பார்த்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வளைந்த மரத்தை நேராக்கும் கருவி என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள்; உண்மையில் ஆணி இறங்கும் வரை மரத்தை நேராகப் பிடித்துவைப்பதே இதன் வேலை, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

சட்டம் அமரவேண்டிய உத்தரத்தை இரண்டு எஃகு முளைகள் இருபுறமும் கவ்விக்கொள்ள, நீண்ட கைப்பிடியைச் சாய்த்தால் கேம் சுழன்று சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளி முடித்ததும் கைப்பிடி அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்வதால் இரண்டு கைகளும் ஆணிக்கும் சுத்தியலுக்கும் கிடைக்கின்றன. கடப்பாரையால் நெம்பியோ இறுக்குப்பட்டையால் இழுத்தோ இதே விசையைப் பெறலாம் என்றாலும், தனியாக வேலை செய்பவருக்கு இந்தப் பூட்டு ஒன்றுக்காகவே கருவியை வாங்கலாம். நடுவில் உத்தரம் இல்லாத இடத்தில் வேறொரு சட்டத்தை விளிம்பில் நிறுத்தித் தற்காலிகமாகத் திருகி, அதைக் கவ்வச் செய்யவேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எந்தத் திசையில் வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே கருவியின் பயன் அமைகிறது. 38க்கு 89 மி.மீ. அளவுள்ள மென்மரச் சட்டம் மூன்று மீட்டர் நீளத்தில் நடுவே 20 மி.மீ. வளைந்திருப்பதாகக் கொள்வோம். மெல்லிய திசையில், அதாவது 38 மி.மீ. தடிமன்வாக்கில், அதைத் தள்ளி நேராக்க ஏறத்தாழ 13 கிலோ எடைக்கு நிகரான விசை போதும். அகலமான திசையில் வளைந்திருந்தால் அதைப்போல ஐந்தரை மடங்கு, அதாவது 70 கிலோவுக்கு மேல் வேண்டும். இரண்டாவதையும் இந்த நெம்புகோல் தள்ளிவிடும் என்றாலும், பின்னர் அந்த விசையை ஆணிகளே தாங்கவேண்டியிருக்கும். அத்தகைய தளச்சட்டத்தோடு போராடாமல், அதன் மேட்டுப்பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, சுமை ஏறும்போது அதுவே தாழட்டும் என்று விடும் தச்சர்களின் பழைய வழக்கமே மேலானது.

முறுக்கிய சட்டத்துக்கு இது உதவாது; அதைத் திருப்ப இரண்டு முனைகளிலும் பிடி வேண்டும், இதில் இருப்பதோ ஒரே தள்ளுமுனை.

எவ்வளவு நல்ல கருவியானாலும், கையை எடுத்தால் மரம் ஏன் பழைய வளைவுக்கே திரும்புகிறது என்பதற்குக் காரணம் அதன் உள்ளேயே இருக்கிறது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. சாதாரண மரம் நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்கும். தண்டின் மையத்தை ஒட்டிய இளமரமும், சாய்ந்து வளர்ந்த ஊசியிலை மரத்தின் அடிப்பக்கத்தில் உருவாகும் அழுத்தமரமும் பல மடங்கு அதிகமாகச் சுருங்கும். அவை சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் குழிகிறது. ஆகவே தள்ளிய சட்டத்தை அடுத்த சட்டத்தோடு இடைக்கட்டை வைத்து இணைத்த பிறகே பூட்டை விடுவிக்கவேண்டும்.

சுவரில் நிற்கும் சட்டம் அகலவாட்டில் வளைந்திருந்தால், குழிந்த பக்கத்தில் ரம்பத்தால் வெட்டி, ஆப்பு இறக்கி, இருபுறமும் பலகைத் துண்டு அறைவது வழக்கம். இது சுமை தாங்காத சுவருக்கு மட்டுமே ஏற்றது. சுமை தாங்கும் சட்டத்தில் அகலத்தின் 25 சதவீதத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்கிறது அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு. அந்த வரம்புக்குள் வெட்டினால் பெரும்பாலும் சட்டம் நேராவதில்லை. அங்கே வேறு சட்டத்தைப் போடுவதே நல்லது. வளைந்ததைத் துண்டுகளாக அறுத்து இடைக்கட்டையாக்கிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. தள்ளுமுனை மென்மரத்தில் பள்ளம் பதிக்கிறது. வெளியே தெரியும் முகமானால் இடையே சிறு மரத்துண்டு வைப்பது அவசியம். கைப்பிடி நீளமாக இருப்பதால் சுவர் ஓரத்துக் கடைசிச் சட்டத்தில் அதை முழுவதும் சாய்க்க இடம் கிடைப்பதில்லை, அங்கே மீண்டும் கடப்பாரைதான். எப்போதாவது ஓரிரு சட்டங்களை மட்டும் சரிசெய்பவர் நல்ல கிளாம்ப் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்; தளம் முழுவதையும் தனியாக அடிப்பவர் தயங்காமல் வாங்கலாம்.