பின்கட்டுக்கு வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, வயர் இழுத்த இரண்டாவது ரவுட்டரா?

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய தெருவீடுகளுக்கு அகலம் 16, 18 அடிதான் இருக்கும்; நீளம் 80 அடிக்குக் குறையாது. ஃபைபர் போட வரும் பையன் கம்பத்திலிருந்து வயரை இழுத்து, திண்ணை தாண்டியதும் கண்ணில் படும் முதல் பிளக் பக்கத்திலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவான். பட்டாசாலில் 100 மெகாபிட் பறக்கும். இரண்டாம் கட்டில் பாதி. அடுக்களைக்கு வந்தால் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். புறவாசலில் ஒன்றும் கிடையாது. பாளையங்கோட்டை, பெருமாள்புரம் மாடி வீடுகளிலும் இதே கதைதான். அங்கே தடுப்பது சுவர் அல்ல, கம்பி கட்டிய கான்கிரீட் தளம்.

கடையில் சொல்லும் முதல் வைத்தியம்: “ஆறு ஆண்டெனா மாடல் எடுங்க, வீடு பூரா எடுக்கும்.” எடுக்காது. ரவுட்டர் எவ்வளவு சக்தியில் அலை அனுப்பலாம் என்பதற்குச் சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. விலை கூடினாலும் அந்த வரம்பு கூடாது. அதோடு, ரவுட்டர் சொல்வது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது; போன் சொல்வதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். ஒன்றரை அடி காரைச் சுவர் இரண்டைத் தாண்டிச் சத்தம் கொடுக்கப் போனுக்குள் இருக்கும் துளி ஆண்டெனாவால் ஆகாது. சிக்னல் கோடு நிறைய தெரிந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

எதையும் வாங்குமுன், மோடத்தை நடுவீட்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று ஃபைபர்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சின்ன வீட்டில் அதோடு வேலை முடிந்துவிடலாம். முடியவில்லையென்றால் மூன்று வழி.

வைஃபையை வாங்கித் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர்தான் மலிவு, சுமார் 1,200 முதல் 1,800 ரூபாய். பிளக்கில் சொருகி, பட்டனை அமுக்கினால் ஆயிற்று. ஆனால் மலிவு மாடல்களில் முன்னால் இருந்து வருவதைக் கேட்பதும் பின்னால் சொல்வதும் ஒரே ரேடியோ. கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. வந்து சேர்வது 60 மெகாபிட் என்றால் வெளியே போவது 30ஐத் தாண்டாது. அதையும் சிக்னலே இல்லாத அடுக்களையில் சொருகினால் இல்லாததையா திருப்பிச் சொல்லும்? நடுவில், போனில் அலைவலு பார்க்கும் ஆப் மைனஸ் 65 டிபிஎம் அளவில் காட்டும் இடத்தில் சொருக வேண்டும். மைனஸ் 75க்குக் கீழே போனால் பயனில்லை. வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார் என்றால் இதுதான் வழி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

மெஷ் என்பது ஒரே பெயரில், ஒரே ஆப்பில் ஓடும் இரண்டு மூன்று பெட்டிகள். இரண்டு பெட்டி செட் ஐந்தாயிரத்தை ஒட்டி ஆகும். வீடியோ காலில் பேசிக்கொண்டே பட்டாசாலிலிருந்து புறவாசலுக்கு நடந்தால், போனை அடுத்த பெட்டிக்குக் கைமாற்றி விடுவதில் இது உண்மையிலேயே கெட்டி. ஆனால் விலை குறைந்த செட்டுகளில் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும், உங்கள் போனோடு பேசுவதும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில்தான். (இந்தப் பெட்டிகளில் அலைப்பட்டை இரண்டு: வேகமான 5, சுவரை ஓரளவு தாண்டும் 2.4.) 5 கிகாஹெர்ட்ஸ் கனத்த சுவரைக் கண்டால் படுத்துவிடும், பெட்டிகள் 2.4க்கு இறங்கும், கடைசியில் ஐந்தாயிரம் கொடுத்து ஒரு நல்ல ரிப்பீட்டர் வாங்கியதாக ஆகும். பெட்டிகளை வயரால் இணைத்தால் இந்தக் குறை போய்விடும். ஆனால் வயர் இழுப்பதென்று முடிவாகிவிட்டால் மெஷ்ஷே எதற்கு?

அதனால் சாய்வு மூன்றாவது பக்கம்தான்: ஒரு சாதாரண ரவுட்டரை வாங்கி, மோடத்திலிருந்து லேன் வயர் இழுத்து, பின்கட்டில் ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வயரில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் கொடுக்கும் பெட்டியாக, வைப்பது. சுவர் எத்தனை இருந்தாலும் வயருக்குக் கவலையில்லை. முன்னால் வரும் 100 மெகாபிட் பின்னாலும் அப்படியே வரும்.

எந்த ரவுட்டர்? ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் என்300 வகை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். 40, 50 மெகாபிட் பிளானுக்கு, வாட்ஸ்அப்பும் யூடியூபும் பார்க்க அது போதும். ஆனால் வளவு வீடுகளில் அந்தப் பட்டையில் கூட்டம் அதிகம். பட்டைக்குள் இருக்கும் தடங்களில் (சேனல்) 1, 6, 11 என்ற மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை, அவற்றில் பத்து வீட்டு ரவுட்டர் உட்கார்ந்திருக்கும். 2,000 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஏசி1200 வகைதான் சரியான இடம். 1200 என்பது 2.4இன் 300ஐயும் 5இன் 867ஐயும் கூட்டிப் போட்ட எண். ஒரு போனுக்கு ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும், அதுவும் அட்டையில் உள்ளதில் பாதியளவு. அது பரவாயில்லை. பார்க்க வேண்டியது வயர் சொருகும் போர்ட். ஏசி1200 என்று போட்டு 100 மெகாபிட் போர்ட் வைத்திருக்கும் மாடல்கள் உண்டு. டிபி-லிங்க்கில் ஆர்ச்சர் சி50 அப்படி, ஆர்ச்சர் சி6 ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 100 போர்ட்டில் எவ்வளவு முக்கினாலும் 94, 95 மெகாபிட்டைத் தாண்டாது. இன்றைக்கு 100 பிளான்தானே என்று வாங்கினால், நாளைக்கு 300 பிளானுக்கு மாறும்போது பின்கட்டு மட்டும் 95லேயே நிற்கும். அட்டையில் ‘10/100/1000’ என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்த தலைமுறையான வைஃபை 6 மாடலுக்கு இன்னும் ஐந்நூறு, ஆயிரம் கூடும். சுவர் தாண்டுவதில் அது பெரிய வித்தை எதுவும் காட்டாது. நாலைந்து பேர் புழங்கும் தனி வீட்டில் வித்தியாசம் தெரிவது அபூர்வம். அக்கம்பக்கத்தில் நிறைய வைஃபை மொய்க்கும் அடுக்குமாடியில் கணக்கு வேறாக இருக்கலாம்.

முடிவு செய்வது ரவுட்டர் அல்ல, வயர். இங்கேதான் பணத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பலர் கெட்டுப்போகிறார்கள். கேட்6 (லேன் வயரில் ஒரு தரம்) என்று மலிவாக விற்பவற்றில் பல, செம்பு பூசிய அலுமினியம். உள்கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். வளைத்த இடத்தில் ஒடியும், நாள்பட்டால் கிளிப் மாட்டி அமுக்கிய (கிரிம்ப் செய்த) முனையில் தொடர்பு விடும். சுத்தச் செம்பு வயர் மீட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். ஒரு வீட்டுக்கு 25 மீட்டர் போதும் என்பதால் மொத்த வித்தியாசம் ஒரு சாப்பாட்டுச் செலவுகூட வராது. வயருக்குள் எட்டுக் கம்பி. ஜிகாபிட் ஓட எட்டும் வேண்டும். பழைய பழக்கத்தில் நாலை மட்டும் பிடித்துக் கிரிம்ப் செய்து போகிறவர்கள் இருக்கிறார்கள். நெட் ஓடும், ஆனால் 100க்கு மேல் ஏறாது. முனையின் கிளிப் கீழே பார்க்க, இடமிருந்து வலம் வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. மோடத்தில் ஜிகாபிட் போர்ட் ஒன்றுதான் இருக்கும் மாடலும் உண்டு. அதில்தான் சொருக வேண்டும்.

கரண்ட் வயர் போகும் குழாய்க்குள்ளேயே லேன் வயரையும் திணிக்காதீர்கள். ஒரு சாண் தள்ளி, தனி முக்கால் அங்குலக் குழாயில் விடுங்கள். வீட்டுக்குள் வழியில்லாமல் தட்டட்டி (மொட்டை மாடி) வழியாகக் கொண்டுபோனால், சாம்பல் நிற உள்வீட்டு வயர் நம் ஊர் வெயிலில் வெடித்துவிடும். கறுப்புத் தோல் போட்ட வெளிப்புற வயரே வேண்டும், அதையும் குழாய்க்குள். அணில் பல் பட்டால் எந்தத் தோலும் தாங்காது. உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர்களில் முனைத் தகடுகளில் உப்புக்காற்று ஏறும். நெட் விட்டுவிட்டு வந்தால் முதலில் முனையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தோட்டத்து மோட்டார் அறை போன்ற தனிக் கட்டடத்துக்குச் செம்பு வயரை இழுக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை இடி ஒன்று பக்கத்தில் விழுந்தால் அந்த வயர் வழியே வந்து இரண்டு முனைப் பெட்டியையும் பொசுக்கிவிடும். அங்கே ஃபைபர்தான்.

செட்டிங் பத்து நிமிஷ வேலை. ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து விடுங்கள். இல்லாத ரவுட்டரில், மோடத்தின் முகவரி 192.168.1.1 என்றால் ரவுட்டருக்கு 192.168.1.2 கொடுத்து, போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, வயரை, வெளி நெட்டுக்கான வான் போர்ட்டில் சொருகாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். இதைச் செய்யாமல் அப்படியே சொருகினாலும் நெட் வரும். ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும். முன்கட்டு போனிலிருந்து பின்கட்டு டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, பிரின்டர் தெரியாது. வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டிலும் ஒன்றே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு: 2.4இல் முன்னால் 1, பின்னால் 11. 5இல் முன்னால் 36, பின்னால் 149. 2.4இன் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள்.

இவ்வளவு செய்தும் சில போன்கள் அடுக்களைக்கு வந்த பிறகும் முன்கட்டு ரவுட்டரையே பிடித்துத் தொங்கும். மெஷ் ஜெயிப்பது இந்த ஒரு இடத்தில்தான். முன்கட்டின் 2.4 சக்தியை நடுத்தரமாகக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். பழைய போன்களில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கலாம்.

கத்திரி வெயிலில் ரவுட்டரைத் தகரக் கொட்டகைக்கு அடியிலோ மூடிய ஷோகேஸுக்குள்ளோ வைக்காதீர்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களுக்குக் கம்பெனி சொல்லும் உச்ச வெப்பமே 40 டிகிரி.

இந்த ஏற்பாட்டின் நிஜமான குறை கரண்ட் போகும்போது தெரியும். பெட்டிகள் இரண்டு, இருப்பது வேறு வேறு மூலையில். முன்னால் மோடத்துக்கு மட்டும் மினி யுபிஎஸ் போட்டால் பின்கட்டு இருட்டுத்தான். மினி யுபிஎஸ் வாங்கும்போது பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள்: மோடமும் ஏசி1200 ரவுட்டர்களும் பெரும்பாலும் 12 வோல்ட், மலிவு என்300களில் பல 9 வோல்ட். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், வோல்ட் கூடக் கூடாது. 9 வோல்ட் பெட்டியில் 12ஐச் சொருகினால் அதோடு சரி. 2,000 எம்ஏஹெச் செல் இரண்டு உள்ள மினி யுபிஎஸ், 10 வாட் இழுக்கும் பெட்டியை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓட்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்துகிற கரண்டுக்கு அது காணாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்கட்டு ரவுட்டரை அந்த லைனில் உள்ள பிளக்கில் மாட்டி, இன்வெர்ட்டரின் பின்புற சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில், கரண்ட் மாறும் அந்த நொடியில் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். திரும்ப நெட் வர ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும்.